ஸ்மார்ட் விளக்குகள், சென்சார்களின் அளவீடுகளை கிளவுடுக்கு அனுப்பும் முன் வீட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: வீட்டில் 20 பிலிப்ஸ் ஹியூ பல்புகளும் 4 அசைவு சென்சார்களும் உள்ளன. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஒரு பைத்தான் நிரல் 10 நொடிக்கு ஒருமுறை, இவற்றை இணைக்கும் மையப் பெட்டியான ஹியூ பிரிட்ஜிடம் எல்லா நிலைகளையும் கேட்டு வாங்கி, வாங்கியதை அப்படியே கிளவுடில் உள்ள பகுப்பாய்வுத் தளத்துக்கு அனுப்புகிறது. மாதம் முடியும் முன்பே இலவசத் திட்டத்தின் வரம்பு தீர்ந்துவிடுகிறது. கிராஃப்களையும் நம்ப முடியவில்லை; படுக்கையறை வெப்பநிலை சில நாட்களில் மணிக்கணக்காக ஒரே எண்ணில் நிற்கிறது, ஆளில்லாத அறையில் விளக்கு இரவெல்லாம் எரிந்ததாகக் காட்டுகிறது. வேறு தளத்துக்கு மாறினால் சரியாகுமா?

மாறினாலும் சரியாகாது. எந்தத் தளமாக இருந்தாலும், நீங்கள் அனுப்பிய எண்ணையும் அதோடு அனுப்பிய நேரத்தையும்தான் அது நம்புகிறது. உங்கள் நிரல் அந்த இரண்டிலுமே தளத்துக்குத் தவறான செய்தியைச் சொல்கிறது. பிரிட்ஜ் உங்களுக்குத் தருவது இப்போதைய அளவு அல்ல. தனக்குக் கடைசியாகத் தெரிந்த அளவு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் தெரிந்துவிடும்.

ஹியூ சாதனங்கள் பிரிட்ஜுடன் ஜிக்பீ என்ற கம்பியில்லா வலையமைப்பு வழியாகப் பேசுகின்றன. அசைவு சென்சார் பேட்டரியில் இயங்குவதால் பெரும்பாலான நேரம் உறக்கத்தில் இருக்கும். அளவு மாறினாலோ, அதற்கென்று வைத்த நேரம் வந்தாலோ மட்டும் விழித்து, தன் செய்தியைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். நீங்கள் பிரிட்ஜைக் கேட்பதால் சென்சார் விழிப்பதில்லை. பிரிட்ஜ் தன் நினைவகத்தில் உள்ள பழைய எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. உங்கள் நிரல் அதன் மேல் இந்த நொடியின் நேரமுத்திரையைக் குத்தி அனுப்புகிறது. சென்சாரின் பேட்டரி மதியம் 2 மணிக்கே தீர்ந்துபோயிருந்தாலும், 28.4 டிகிரி என்ற எண் இரவு முழுவதும் 10 நொடிக்கு ஒருமுறை புத்தம்புதிய அளவீடாகத் தளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த நேர்கோட்டின் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கான தீர்வு பிரிட்ஜ் தரும் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. நிரல்கள் பிரிட்ஜுடன் பேசும் வழியான ஏபிஐக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. பழைய ஏபிஐயில் ஒவ்வொரு சென்சார் நிலையுடனும் ‘லாஸ்ட்அப்டேட்டட்’ என்ற நேரம் வரும். புதிய வி2 ஏபிஐயில் ஒவ்வொரு அறிக்கைக்குள்ளும் ‘சேஞ்ச்ட்’ என்ற நேரம் இருக்கும். இரண்டும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். உங்கள் நிரல் கேட்ட நேரத்தை விட்டுவிட்டு, இந்த நேரத்தையே அளவீட்டின் நேரமுத்திரையாக அனுப்புங்கள். நீங்கள் பயன்படுத்துவது நேரவாரித் தரவைச் சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபி போன்ற தளம் என்றால் இதில் இன்னொரு நன்மையும் உண்டு: அளவீட்டின் பெயர், டேக்குகள் (சாதனம், அறை போன்ற அடையாளக் குறிகள்), நேரமுத்திரை மூன்றும் ஒன்றாக உள்ள புள்ளி மறுபடி வந்தால் அது புதிய புள்ளியாகச் சேராமல் பழையதன் மேலேயே எழுதப்படும். ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டோமோ என்ற கவலை தேவையில்லை. அதோடு, ‘இந்த சென்சாரிடமிருந்து கடைசிச் செய்தி வந்து எத்தனை நொடிகள் ஆயின’ என்பதையும் தனி அளவீடாக அனுப்புங்கள். எச்சரிக்கை அமைப்பதற்கு வெப்பநிலையைவிட இந்த எண்தான் பயன்படும்.

பல்புகளின் கதை கொஞ்சம் வேறு. அவை மின்சாரத்தில் இயங்குவதால் எப்போதும் விழித்திருக்கும், யாராவது சுவர் சுவிட்சை அணைக்கும் வரை. அணைத்துவிட்டால் பல்பு வலையமைப்பிலிருந்தே விலகிவிடும். ஆனால் பிரிட்ஜின் நினைவில் அது எரிந்துகொண்டே இருக்கும். பழைய ஏபிஐயில் ‘ஆன்’ என்பது உண்மை என்றும் ‘ரீச்சபிள்’ என்பது பொய் என்றும் ஒருசேர வருவதை நீங்கள் பார்க்கலாம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்ததாகக் காட்டியதற்கு, நிரல் முதல் புலத்தை மட்டும் படித்து இரண்டாவதைப் படிக்காததுதான் காரணமாக இருக்க வேண்டும். வி2 ஏபிஐயில் இந்தத் தகவல் விளக்கின் பதிவில் இல்லாமல், ஜிக்பீ இணைப்பு நிலை என்ற தனிப் பதிவில் இருப்பதால் தவறவிடுவது இன்னும் எளிது. இணைப்பு இல்லாத பல்புக்கு ‘எரிகிறது’ என்றும் அனுப்பாதீர்கள், ‘அணைந்திருக்கிறது’ என்றும் அனுப்பாதீர்கள். இணைப்பு இல்லை என்பதை மட்டும் ஒரு தனித் தொடராக (நேர வரிசையில் சேரும் ஒரே அளவீட்டின் புள்ளிகள்) அனுப்புங்கள். தெரியாததைப் பூஜ்யம் என்று எழுதுவது தரவைக் கெடுக்கும் பழக்கங்களில் மிக மோசமானது. பின்னால் அதைப் பிரித்தெடுக்க எந்த வினவலாலும் முடியாது.

அடுத்து 10 நொடி என்ற இடைவெளி. பல்புக்கு ஆன் நிலை, ஒளிர்வு, நிற வெப்பம் என 3 எண்கள். சென்சாருக்கு அசைவு, வெப்பநிலை, வெளிச்சம், பேட்டரி என 4 எண்கள். மொத்தம் 76 தொடர்கள். ஒரு நாளில் 8,640 முறை கேட்கிறீர்கள். ஆக நாளொன்றுக்கு 6,56,640 புள்ளிகள் தளத்துக்குப் போகின்றன. ஒரு வீட்டில் உண்மையில் நடக்கும் மாற்றங்கள் இதில் மிகச் சிறு பகுதிதான். மிச்சம் எல்லாம் ‘மாற்றமில்லை’ என்ற செய்தியின் மறுபதிப்பு. இவ்வளவு அனுப்பியும் குளியலறை விளக்கை ஒருவர் போட்டு 6 நொடியில் அணைத்தால் அது உங்கள் கணக்கில் வராமலே போகலாம்.

வி2 ஏபிஐயில் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற வசதி உண்டு. ஒருமுறை இணைப்பைத் திறந்து வைத்தால் போதும். எந்த விளக்கிலோ சென்சாரிலோ மாற்றம் நிகழ்ந்தாலும் பிரிட்ஜே உடனே செய்தியைத் தள்ளிவிடும். விளக்குகளுக்கும் அசைவுக்கும் இதையே பயன்படுத்துங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இந்த இணைப்பு சில நேரம் அறுந்துபோகும், அறுந்திருந்த இடைவெளியில் நடந்தவை மறுபடி வராது. ஆகவே ஒவ்வொரு முறை மீண்டும் இணையும்போதும் எல்லா நிலைகளையும் ஒருமுறை முழுவதுமாகக் கேட்டு வாங்கி, உங்கள் நிரலின் நினைவில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே தொடர வேண்டும்.

நிரல் எழுதுவதே நோக்கம் இல்லை என்றால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள், பிரிட்ஜிடமிருந்து வாங்கும் இந்தப் பாதியை நன்றாகவே செய்கிறது. 2013-ல் பவுலஸ் ஸ்கவுட்சன் அதைத் தொடங்கியபோது, சூரியன் மறையும் நேரத்தில் ஹியூ விளக்குகளைப் போடும் பைத்தான் நிரலாகத்தான் அது இருந்தது. இயல்பமைப்பில் அது விரிவான பதிவை 10 நாள் மட்டுமே வைத்திருக்கும் என்பதால், நீண்டகாலப் பகுப்பாய்வுக்கு அதன் இன்ஃப்ளக்ஸ்டிபி இணைப்பையோ வேறு ஏற்றுமதி வழியையோ அமைக்க வேண்டும்.

மாற்றங்களை மட்டும் அனுப்பத் தொடங்கியதும் ஒரு புதிய பொறி காத்திருக்கிறது. ஒரு விளக்கு ஒரு நாளில் இரண்டு முறை போடப்பட்டு இரண்டு முறை அணைக்கப்பட்டால் தளத்தில் 1, 0, 1, 0 என்ற நான்கு புள்ளிகள் இருக்கும். டாஷ்போர்டில் சராசரி கேட்டால் 0.5 என்று வரும், விளக்கு 5 நிமிடம் எரிந்திருந்தாலும் சரி, 15 மணி நேரம் எரிந்திருந்தாலும் சரி. சம இடைவெளியில் வராத புள்ளிகளுக்கு நேர எடையிட்ட சராசரிதான் பொருந்தும். சில தளங்களில் அதற்குத் தனிச் செயற்கூறு உண்டு, சிலவற்றில் நீங்களே கணக்கிட வேண்டும்.

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு, அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ‘விளக்கு எரிகிறதா’ என்ற நிலையோடு, ‘இந்த விளக்கு இதுவரை மொத்தம் எத்தனை நொடி எரிந்திருக்கிறது’ என்ற ஏறுமுக எண்ணையும் வீட்டிலுள்ள நிரலே கூட்டி வைத்து அனுப்பட்டும். அசைவுக்கும் அப்படியே: இதுவரை எத்தனை முறை அசைவு பதிவாயிற்று என்ற மொத்தம். வீட்டு மின்மீட்டர் வேலை செய்வது இந்த முறையில்தான். கணக்கெடுப்பவர் ஒரு மாதம் தாமதித்து வந்தாலும் இரண்டு அளவுகளின் வேறுபாடு சரியாகவே இருக்கும். அதேபோல இணையம் இரண்டு மணி நேரம் இல்லாமல் போனாலும், மீண்டும் வந்ததும் அனுப்பும் முதல் எண்ணிலேயே அந்த இரண்டு மணி நேரத்தின் கணக்கும் அடங்கிவிடும்; எப்போது எரிந்தது என்ற நுணுக்கம் போகும், எவ்வளவு எரிந்தது என்பது போகாது. நிரல் மறுதொடக்கம் ஆகும்போது எண் பூஜ்யத்துக்குத் திரும்பினாலும், பிரமிதியஸ் போன்ற கண்காணிப்புத் தளங்களின் ஏற்ற வீதச் செயற்கூறுகள் அந்த இறக்கத்தை அடையாளம் கண்டு சரிசெய்துகொள்ளும். முடிந்தால் மொத்தத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அங்கிருந்தே தொடருங்கள்.

சராசரியைப் பற்றிப் பேசும்போது வெளிச்ச அளவைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஹியூ சென்சார் தரும் வெளிச்ச எண் லக்ஸ் அல்ல. லக்ஸின் மடக்கையை 10,000 ஆல் பெருக்கி 1 கூட்டிய எண். 1 லக்ஸ் என்றால் 1, 100 லக்ஸ் என்றால் 20,001. ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் 1 லக்ஸும் பாதி நேரம் 100 லக்ஸும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த எண்களையே சராசரி எடுத்தால் 10,001 கிடைக்கும். அதை லக்ஸாக மாற்றினால் 10. உண்மையான சராசரியோ 50.5 லக்ஸ். ஐந்து மடங்கு பிழை, அதுவும் பார்ப்பதற்கு மிக இயல்பாகத் தோன்றும் பிழை. ஆகவே வீட்டிலேயே லக்ஸாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். பழைய ஏபிஐயில் வெப்பநிலை நூறால் பெருக்கப்பட்டு வரும், 2150 என்றால் 21.5 டிகிரி, ஒளிர்வு 1 முதல் 254 வரை இருக்கும், வி2-வில் அது விழுக்காடு. நிற வெப்பம் மைரெட் அலகில் வரும். 10 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் கெல்வின். எல்லா மாற்றங்களையும் ஒரே இடத்தில், அனுப்புவதற்கு முன் செய்துவிட்டால் நாளை ஏபிஐ மாறினாலும் பழைய தரவும் புதிய தரவும் ஒட்டும்.

தளத்தின் இயல்பு இங்கேதான் குறுக்கிடுகிறது. இன்ஃப்ளக்ஸ்டிபி வகைத் தளங்களில் மாற்றத்தை மட்டும் அனுப்பிவிட்டு, இடைவெளியை முந்தைய மதிப்பால் நிரப்பும்படி வினவலில் சொல்லலாம். பிரமிதியஸ் வழிவந்த தளங்கள் அப்படி அல்ல. வினவும் நேரத்திலிருந்து இயல்பாக 5 நிமிடம் மட்டுமே பின்னோக்கிப் பார்க்கும், அதற்குள் புள்ளி இல்லை என்றால் அந்தத் தொடரே இல்லை என்று கருதும். அங்கே நீங்கள் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பை மறுபடி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் சொன்னாலும் நாளொன்றுக்கு 1,09,440 புள்ளிகள்தான், இப்போது அனுப்புவதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே ஏறுமுக எண்கள் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனெனில் ஒரு நிமிடத்துக்குள் போட்டு அணைத்த விளக்கும் மொத்தத்தில் சேர்ந்துவிடும். மறுமொழி வராத சென்சாரின் மதிப்பை மட்டும் மறுபடி சொல்வதை நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் கிராஃபில் இடைவெளி விழும்.

தொடர்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். டேக்காக சாதனத்தின் நிலையான அடையாள எண்ணையும் அறையையும் மட்டும் வையுங்கள். விளக்கின் பெயரை டேக்காக வைத்தால், ஆப்பில் ‘ஹால் விளக்கு’ என்பதை ‘ஹால் மேற்கு’ என்று யாராவது மாற்றும் நாளில் பழைய தொடர் அறுந்து புதிய தொடர் பிறக்கும். ஒளிர்வையோ நிறத்தையோ டேக்காக வைத்தால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தொடர் உருவாகி, சில நாட்களிலேயே திட்டத்தின் வரம்பைத் தொட்டுவிடும்.

மின்வெட்டு நம் ஊரில் தனிக் கவனம் பெற வேண்டிய விஷயம். இன்வெர்ட்டரில் இல்லாத ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. எழுந்ததும், அணைவதற்கு முன் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே அது தொடரும். ரவுட்டர் இணையத்தைப் பிடித்து, நேர சர்வரிடமிருந்து சரியான நேரம் வந்து சேரும் வரை, உங்கள் நிரல் எழுதும் ஒவ்வொரு புள்ளியும் கடந்த காலத்தில் போய் விழும். ஒரு மணி நேர மின்வெட்டு என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் முந்தைய தேதியிட்ட தரவு உருவாகும். நேரம் ஒத்திசைந்த பிறகே நிரல் தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் அதற்கென்றே ஒரு காத்திருப்புச் சேவை உண்டு. ஹியூ பல்புகளும் மின்சாரம் திரும்பியதும் இயல்பமைப்பில் முழு ஒளிர்வில் எரியத் தொடங்கும். நள்ளிரவு 3 மணிக்கு வீடு முழுவதும் விளக்கு எரிந்ததாகத் தரவு காட்டினால் அது பிழை அல்ல, உண்மையாகவே எரிந்திருக்கும். ஆப்பில் மின்சாரம் திரும்பும்போது பழைய நிலைக்கே வரும்படி மாற்றிக்கொள்ளலாம்.

இணையம் மட்டும் இல்லாத நேரத்துக்கு வீட்டிலேயே ஒரு வரிசை வேண்டும். அளவீடுகளைச் சேகரித்துத் தளத்துக்கு அனுப்பும் டெலிகிராஃப் என்ற மென்பொருள் தன் காத்திருப்புப் புள்ளிகளை இயல்பமைப்பில் நினைவகத்தில்தான் வைத்திருக்கும், அதுவும் 10,000 வரை. மின்சாரம் போனால் அவையும் போகும். பிரமிதியஸ் வேறு தளத்துக்குத் தரவை அனுப்பும் தொலை எழுத்து (ரிமோட் ரைட்) வசதி சுமார் 2 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் மறுமுனை திரும்பாவிட்டால் அனுப்பாதவை இழக்கப்படும். உங்கள் அளவுக்கு ஒரு எஸ்க்யூலைட் கோப்பே (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) போதும்: முதலில் அதில் எழுதுங்கள், தளம் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகு ‘அனுப்பியாயிற்று’ என்று குறியுங்கள். அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்வது இன்னொரு பாதுகாப்பு. கூகுள், சாதனங்களைக் கிளவுடுடன் இணைக்கும் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16 அன்று நிறுத்தியது. அதே ஆண்டு, இன்ஃப்ளக்ஸ்டிபியை உருவாக்கிய இன்ஃப்ளக்ஸ்டேட்டா நிறுவனம் சிட்னி, பெல்ஜியம் ஆகிய இரு வட்டாரங்களின் கிளவுட் சேவையை மூடியபோது, முன்னறிவிப்பு மின்னஞ்சல் கண்ணில் படாத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவு இல்லாமல் போனதைப் பிறகுதான் அறிந்தார்கள்.

நாள் கணக்கு எடுக்கும்போது யூடிசியை மறக்காதீர்கள். தளத்தில் ‘ஒரு நாள்’ என்ற சாளரம் நம் நேரப்படி அதிகாலை 5:30-க்குத் தொடங்கும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து விளக்குப் போடும் வீட்டில் அந்த ஒன்றரை மணி நேரம் முந்தைய நாளின் கணக்கில் சேர்ந்துவிடும். சேமிப்பு யூடிசியிலேயே இருக்கட்டும். வினவலில் இந்திய நேர மண்டலத்தைக் குறிப்பிடுங்கள்.

இந்தத் தரவிலிருந்து மின் செலவைக் கணக்கிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஹியூ பல்பு தன் மின் நுகர்வை அளப்பதில்லை. ஒளிர்விலிருந்து நீங்கள் மதிப்பிடத்தான் முடியும். 9 வாட் பல்பை 50 விழுக்காட்டில் வைத்தால் 4.5 வாட் என்று எழுதுவது சரியல்ல, ஒளிர்வு எண்ணுக்கும் வாட்டுக்கும் நேர் விகிதம் இல்லை. மின் நுகர்வை அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றில் ஒரு மேசை விளக்கைச் செருகி, 10 விழுக்காடு படிகளில் ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படியின் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; அந்த அட்டவணையைக் கொண்டு மதிப்பிடுங்கள். ஆப்பில் அணைத்த நிலையிலும் பல்பு 0.5 வாட் வரை எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இணைப்புள்ள விளக்குகளுக்கு 2021 முதல் விதித்துள்ள உச்சவரம்பும் அதுவே. 20 பல்புகளுக்கு இது 10 வாட், நாளுக்கு 0.24 யூனிட், நமது இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 14.4 யூனிட். விளக்குகளைக் குறைவாகப் பயன்படுத்தும் அறைகளில் எரிவதற்கான செலவைவிடக் காத்திருப்பதற்கான செலவு கூடுதலாக இருப்பதை உங்கள் கிராஃபிலேயே காண்பீர்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிரிட்ஜின் பொத்தானை அழுத்திப் பெற்ற சாவி படிப்பதற்கு மட்டுமானது அல்ல. அது கையில் இருப்பவர் எல்லா விளக்குகளையும் இயக்கலாம். அது ராஸ்பெர்ரி பையை விட்டு வெளியே போகக்கூடாது. கிளவுட் தளத்தின் அனுமதிச் சாவியான டோக்கனோ எழுதுவதற்கு மட்டும் அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். இணைப்பு எப்போதும் வீட்டிலிருந்து வெளியே செல்வதாக இருக்கட்டும்; ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் வெளியிலிருந்து திறக்கத் தேவையில்லை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: எதை அனுப்பாமல் இருப்பது. 2018-ல் அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இலினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகர ஸ்மார்ட் மீட்டர் வழக்கில், 15 நிமிட இடைவெளியில் ஒரு வீட்டின் மின் நுகர்வைச் சேகரிப்பது அந்த வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று கூறியது. அந்த நகரம் செய்த முறை நியாயமானதே என்று சொல்லித்தான் அதை அனுமதித்தது. அது மொத்த வீட்டுக்கும் ஒரே எண், 15 நிமிடத்துக்கு ஒருமுறை. நீங்கள் அனுப்புவது அறை அறையாக, நொடிக் கணக்கில். அம்மா இரவில் எத்தனை முறை எழுந்தார், வேலைக்கு வருபவர் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார், வீடு எந்தெந்த நாட்களில் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. ஆகவே வீட்டில் உள்ளவர்களை உங்களிடமிருந்து பாதுகாக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கே. வெப்பநிலை, வெளிச்சம், விளக்கு எரிந்த நேரத்தின் மொத்தம், பேட்டரி ஆகியவற்றைத் தாராளமாக அனுப்புங்கள். அசைவின் நொடிவாரிப் பதிவு எஸ்க்யூலைட் கோப்பிலேயே இருக்கட்டும். கிளவுடுக்கு மணிவாரி எண்ணிக்கை மட்டும், அதுவும் மறுநாள் காலையில் போகட்டும். குளியலறை சென்சாரை இந்தக் கணக்கிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள். மீதமுள்ள சென்சார்கள் என்ன பதிவு செய்கின்றன என்பதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லி, வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் அறைகளையும் விட்டுவிட்ட பிறகு அனுப்பத் தொடங்குங்கள்.